சாரணர் தலைவர் ஹிருதயநாத் குன்ஸ்ரு

பள்ளிப் பருவத்தில் கழுத்தில் சாரணர் துணியைக் கட்டிக்கொண்டு அணிவகுத்து நின்றவர்கள் நம்முள் பலர். கல்லூரிக்கு வந்தபின் தேசிய மாணவர் படையில் சேர்ந்து வைகறையிலேயே மைதானத்திற்கு ஓடியவர்களும் உளர். நாடு முழுவதற்குமான இவ்விரு அமைப்புகளும் உருவானதில் ஒரே மனிதருக்குப் பெரும்பங்கு உண்டென்பதை அன்று நமக்கு எவரும் சொன்னதில்லை. நாடாளுமன்றத்தில் அரை நூற்றாண்டுக் காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தும் எந்த அமைச்சர் பதவியையும் ஏற்காதவர் அவர். பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு என்னும் அப்பெருமகனாரின் பணிகள் பலவாயினும், சாரணர் பணியையே ஈண்டுச் சிறப்பாக எடுத்துக்கொள்கிறோம்.

காசுமீரப் பண்டிதர் குடும்பமொன்றில் 1887ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஆக்ராவில் பிறந்தார் குன்ஸ்ரு. தந்தையார் அயோத்தியநாத், அலகாபாத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞர்; காங்கிரசின் தொடக்ககாலத் தூண்களுள் ஒருவர். 1892இல் அவர் மறைந்தபோது மகனுக்கு வயது நான்கு. அலகாபாத்திலும் பின்னர் இலண்டனிலும் பயின்ற குன்ஸ்ரு, தந்தையின் வழியில் வழக்கறிஞராகிப் பொருளீட்டியிருக்கலாம். அவரோ 1909இல் கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் உறுப்பினரானார். சொற்ப ஊதியத்தில் வாழ்நாள் முழுவதும் பொதுப்பணி செய்வதாக உறுதிகூறி நுழைய வேண்டிய சங்கம் அது. கோகலேக்குப் பின் அதன் தலைமையை ஏற்றவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் என்பதும் நினைவுகூரத் தக்கது.

1911இல் குன்ஸ்ருவின் மனைவியார் பிள்ளைப்பேற்றின்போது இறந்தார். குழந்தையும் சில மாதங்களே வாழ்ந்தது. அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயதும் நிரம்பவில்லை. மறுமணம் பற்றி அவர் பின்னர் எண்ணவேயில்லை. ஊரார் பிள்ளைகளை ஒழுங்குபடுத்தி வழிநடத்தும் பணியில் அவர் மனம் ஏன் அவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்று ஆராய்வோர், இத்துயரத்தையும் கருத்தில் கொள்ளுதல் தகும் என்பது எம் எண்ணம்.

சாரணர் இயக்கம் இங்கிலாந்தில் தோன்றியது. பேடன் பவல் என்னும் படைத்தலைவர் 1907இல் பிரவுன்சீ தீவில் சிறுவர் சிலரைக் கூட்டிப் பாசறை அமைத்தார். கூடாரம் அடித்தல், முடிச்சிடுதல், தடம் அறிதல், முதலுதவி, நாளொன்றுக்கு ஒரு நற்செயல் எனச் சிறுவர்க்கு விருப்பமானவற்றைக் கொண்டே ஒழுக்கம் கற்பிக்கும் முறை அது. 1909இலேயே பெங்களூரில் இந்தியாவின் முதற்படை அமைந்துவிட்டது. ஆனால் அதில் சேர ஆங்கிலேயர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரிமை. இந்தியச் சிறுவருக்கு அணிவகுப்பும் வேவு பார்த்தலும் கற்பித்தால் நாளை அவர்கள் கிளர்ச்சிக்காரராகி விடுவரோ என்று ஆட்சியாளர் அஞ்சினர். உலகச் சகோதரத்துவம் பேசிய இயக்கமொன்றின் வாயிலில், நிறம் பார்த்துத் தடுத்து நிறுத்தும் காவல் நின்றது.

அக்கதவைத் தட்டிக்கொண்டு நிற்காமல் தாமே வேறு வீடு கட்டிக்கொண்டோர் உண்டு. மத்திய மாகாணத்தில் விவியன் போஸ் 1913இல் இந்தியச் சிறுவரைக் கொண்டு படை அமைத்தார். ஷாஜகான்பூரில் ஸ்ரீராம் பாஜ்பாய் அவ்வாறே செய்தார். நம் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் 1916இல் அருண்டேலுடன் இணைந்து இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அச்சிறுவர்கள் ஆங்கிலத் தொப்பியை விடுத்துத் தலைப்பாகை அணிந்தனர்.

அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியாவும் குன்ஸ்ருவும் வேறொரு வழியில் இதே இடத்திற்கு வந்து சேர்ந்தனர். பிரயாகையின் மேளாக்களில் இலட்சக்கணக்கான மக்கள் கூடுவர். கூட்டத்தில் தொலைந்த குழந்தைகளைத் தேடித் தருவதும், நோயுற்றோரைத் தூக்கிச் செல்வதும், நெரிசலை ஒழுங்குபடுத்துவதும் சேவா சமிதித் தொண்டர்களின் பணி. அத்தொண்டையே பயிற்சியாக மாற்றியதுதான் சேவா சமிதிச் சாரணர் சங்கம். 1918ஆம் ஆண்டளவில் தோன்றிய அதற்கு மாளவியா, குன்ஸ்ரு, பாஜ்பாய் மூவரும் ஆணிவேராயினர். இங்கிலாந்தில் சிறுவர்கள் காட்டிற்குச் சென்று கற்றதை, இங்கே மக்கள் வெள்ளத்தின் நடுவே நின்று கற்றார்கள்.

1921இல் பேடன் பவல் இந்தியா வந்தார். தனித்தனியே இருந்த சங்கங்களை ஒன்றிணைக்கும் முயற்சி நடந்தது. பெசன்ட் அம்மையாரின் சங்கம் இணைந்தது. சாரணர் வாயிலும் இந்தியச் சிறுவருக்குத் திறந்தது. சேவா சமிதி மட்டும் இணைய மறுத்தது. வைஸ்ராயைத் தலைமைச் சாரணராகக் கொண்ட அமைப்பில், ஒரு சிறுவன் மூன்று விரல் உயர்த்திச் சொல்லும் வாக்குறுதி மன்னருக்கு உரியதா, நாட்டுக்கு உரியதா என்னும் கேள்வி எழாமல் இருக்க முடியுமா? குன்ஸ்ரு மிதவாதி, சட்டமன்றத்தின் வழியே வாதாடி உரிமை பெறலாம் என நம்பியவர், காந்தியடிகளின் ஒத்துழையாமையை ஏற்காதவர். அத்தகையவரே இவ்விடயத்தில் விட்டுக்கொடுக்காமல் நின்றார் என்பதைக் கருதினால்தான் அம்மறுப்பின் எடை விளங்கும்.

1937இல் தில்லியில் அகில இந்தியச் சாரணர் பெருவிழா நடந்தது. முதுமையிலும் பேடன் பவல் வந்திருந்தார். அவ்வேளையில் இந்தியரின் நற்பண்பு குறித்து அவர் தாழ்வாகக் கருத்துரைத்தார் என்று செய்தித்தாள்களில் வெளிவரவே, நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. அவர் தந்த பயிற்சி முறையை மறுக்க எவரும் முன்வரவில்லை. அவருடைய சொல்லைப் பொறுக்கவும் எவருக்கும் இயலவில்லை. பழைய சங்கத்திலிருந்து பலர் வெளியேறினர். 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் பிறந்தது. குன்ஸ்ருவும் பாஜ்பாயும் அதன் முன்னணியில் நின்றனர். சிறுவருடன் சிறுமியரையும் ஒரே அமைப்பில் சேர்த்துக்கொண்டது அச்சங்கத்தின் சிறப்பு.

விடுதலை வந்தது, வைஸ்ராய் போனார், மன்னர் பெயரும் போயிற்று. ஆயினும் இரு சங்கங்கள் இருந்தன. ஒன்றற்கு உலகச் சாரணர் அமைப்பின் ஏற்பு இருந்தது. மற்றொன்றற்கு நாட்டுப் பற்றுடன் போராடிய வரலாறு இருந்தது. எதிரெதிரே நின்ற சங்கங்களை இணைப்பது புதிய சங்கம் தொடங்குவதினும் கடினம் என்பதைப் பொதுப்பணியில் உள்ள நம் பெரியோர் நன்கறிவர். பிரதமர் நேருவும், கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாதும், மங்கள்தாஸ் பக்வாசாவும் இரு தரப்பாரையும் ஒன்றாக அமர்த்திப் பேசினர். ஒருபுறம் விவியன் போஸ், மறுபுறம் குன்ஸ்ருவும் பாஜ்பாயும். முப்பதாண்டுகள் தனித்து நின்று வளர்த்த அமைப்பின் பெயரைக் கலைத்துவிட குன்ஸ்ரு இசைந்தார். 1921இல் மறுத்ததற்கும் இப்போது இசைந்ததற்கும் முரண்பாடு இல்லை. அன்று தடையாக நின்ற காரணம் இன்று இல்லை, அவ்வளவே. 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் சாரணியர் அமைப்பு பிறந்தது. சாரணியர் சங்கம் 1951 ஆகஸ்டு 15இல் அதனுடன் இணைந்தது. புதிய அமைப்பின் முதல் தேசிய ஆணையரானார் குன்ஸ்ரு. இன்று நம் பள்ளிகளில் குருளையர், சாரணர், திரிசாரணர் என வயதுக்கேற்பப் படிநிலைகள் இருப்பதும், கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமையாற்றுவதாகச் சிறுவர் உறுதி கூறுவதும் அவ்வமைப்பின் கீழேதான்.

தேசிய மாணவர் படையின் வரலாறும் இதனுடன் ஒட்டியது. ஆங்கிலேயர் காலத்துப் பல்கலைக்கழகப் பயிற்சிப் படைக்கு மாற்றாக என்ன செய்யலாம் என ஆராய 1946இல் அமைந்த குழுவுக்குக் குன்ஸ்ருவே தலைவர். 1947இல் அக்குழு தந்த அறிக்கையின் மேல் 1948இல் சட்டம் பிறந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவிலும் அவர் பல்லாண்டுகள் உறுப்பினராக இருந்தார்.

மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் மூவருள் ஒருவராகவும் அவர் பணியாற்றினார். பசல் அலி தலைவர், பணிக்கர் மற்றோர் உறுப்பினர். 1955இல் வந்த அவ்வறிக்கையின் விளைவாகவே கன்னியாகுமரி மாவட்டத்து வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் 1956 நவம்பர் 1ஆம் நாள் நம்முடன் இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லையே என்னும் மனக்குறை நம் முதியோர்க்கு இருந்தது. அக்குறை நியாயமற்றது என்று நாம் சொல்லமாட்டோம்.

அரசியல் நிருணய சபையில் இருந்தபோதே, குடியரசில் பட்டங்களுக்கு இடமில்லை என்று வாதாடியவர் குன்ஸ்ரு. 1968இல் பாரத ரத்னா விருது தம்மைத் தேடி வந்தபோது, அந்தக் கொள்கைக்கு மாறாக அதனை ஏற்க அவர் உடன்படவில்லை. 1936இல் ஏற்ற இந்திய ஊழியர் சங்கத் தலைமைப் பொறுப்பிலிருந்து மட்டும் அவர் விலகவேயில்லை. 1978 ஏப்ரல் 3ஆம் நாள் தொண்ணூறாம் வயதில் மறையும் வரை அதன் தலைவராகவே இருந்தார்.