முழங்கையால் துடைத்த கணக்கு

கூரத்திலே நின்று இராமானுஜர் என்று சொன்னால், தோழர்களே, நம் ஊர்க் கூரத்தாழ்வானின் ஆசான்தானே என்று கேட்பார்கள் பெரியவர்கள். அவரல்லர் நான் சொல்ல வந்தவர்! அவர் பெயரைத் தாங்கி, எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கழிந்து பிறந்து, முப்பத்திரண்டு வயதிலேயே மாண்டுபோன ஓர் ஏழைக் கணக்கரைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

சீனிவாச இராமானுஜம்! 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டிலே பிறந்தவர். வளர்ந்தது கும்பகோணம். தந்தை அங்கே ஒரு சேலைக் கடையில் கணக்கெழுதியவர். நீங்கள் நெய்கிறீர்களே சேலை, அதை மடித்து அடுக்கி விற்கிற கடை! முதலாளிக்கு இலாபம், கணக்கருக்கு வாய்க்கும் வயிற்றுக்கும் எட்டாத சம்பளம். தாய்வழிப் பாட்டனார் காஞ்சிபுரம் நீதிமன்றத்திலே சிற்றூழியர். அதனால் சிறுவன் சில காலம் நம் காஞ்சியிலும் வாழ்ந்தான். பாட்டனார் வேலை போயிற்று. தாயும் மகனும் கும்பகோணம் திரும்பினர்.

பள்ளியிலே பரிசு பெற்ற பையன். பதினாறு வயதளவில் அவன் கைக்கு ஒரு புத்தகம் வந்தது. கார் என்ற ஆங்கிலேயர், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகத் தொகுத்த சூத்திரக் குவியல். முடிவு இருக்கும், பெரும்பாலும் வழி இருக்காது. மற்றவர் கையில் அது மனப்பாடப் புத்தகம். இராமானுஜம் கையிலோ, வரைபடம் மட்டும் கொடுத்து நெய்யச் சொன்ன சேலை! ஒவ்வொரு முடிவுக்கும் தாமே வழி கண்டார். கண்ட வழியிலே, அந்தப் புத்தகத்தில் இல்லாத புதுப்புது முடிவுகளும் எதிர்ப்பட்டன.

அந்தச் சுகத்திலே மற்றப் பாடங்களை மறந்தார். விளைவு என்ன? 1904-ல் கும்பகோணம் அரசினர் கல்லூரி தந்த உதவித் தொகை பறிபோயிற்று. 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எப்.ஏ. பரீட்சையில் ஒருமுறையல்ல, இருமுறை தோல்வி! கணக்கிலே அவருக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. உடலியலிலே அவர் தேறவில்லை. பட்டமில்லை, பட்டமில்லாததால் வேலையில்லை, வேலையில்லாததால் சோறில்லை!

காகிதம் வாங்கக் காசு ஏது? திண்ணையிலே அமர்ந்து சிலேட்டுப் பலகையிலே போடுவார் கணக்கை. பலகை நிரம்பினால் துணி தேடி எடுக்கப் பொறுமையில்லை, முழங்கையாலேயே துடைப்பார். துடைத்துத் துடைத்து முழங்கை கறுத்துக் காய்த்துப்போயிற்று. முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றுவார். வழியெல்லாம் மாவாய் உதிர்ந்து மண்ணோடு போயிற்று.

உங்கள் ஊர்ச் செப்பேட்டை எண்ணிப் பாருங்கள். பல்லவன் பரமேசுவரவர்மன் கூரத்துக் கோயிலுக்கு விட்ட நிலமும் வெட்டிய ஏரியும் செப்புத் தகட்டிலே பொறிக்கப்பட்டு, 1300 ஆண்டு கடந்தும் படிக்கக் கிடக்கின்றன. மன்னன் கொடைக்குச் செம்பு. மேதையின் சிந்தனைக்குச் சிலேட்டு!

அந்த நோட்டுப் புத்தகங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறினார். திருக்கோவலூரிலே டிப்டி கலெக்டர் இராமசாமி ஐயர் கண்டு வியந்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துக் காத்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்திலே 30 ரூபாய்க் குமாஸ்தா வேலை. பொட்டலம் கட்டும் தாளிலே கூட அங்கே கணக்கு நடந்தது!

1913 சனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்ற பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறு இருவருக்கு எழுதிப் பயனில்லை. ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து படித்தார்கள், மலைத்தார்கள். 1914 மார்ச் 17-ல் கப்பலேறினார் இராமானுஜம். கடல் கடந்தால் சாதி கெடும் என்றது சாத்திரம். குடுமியைக் கத்தரித்துவிட்டுத்தான் போனார்!

அங்கே என்ன செய்தார்? ஒன்றைச் சொல்கிறேன். நாலு கண்டு நூல் இருக்கிறது. எத்தனை விதமாகக் குவித்து வைக்கலாம்? நாலும் ஒரு குவியல், மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், தனித்தனியே நாலு. ஆக, ஐந்து விதம். பத்துக் கண்டுக்கு 42 விதம். நூறுக்கு? 19,05,69,292! இருநூறுக்கோ ஏறத்தாழ நாலு இலட்சம் கோடி. ஒவ்வொன்றாக எண்ண ஓர் ஆயுள் போதுமா? இராமானுஜமும் ஹார்டியும் 1918-ல் இதற்கொரு சூத்திரம் வெளியிட்டார்கள். மக்மோகன் என்பவர் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்தார். இருநூறுக்கு இரண்டு விடையும் ஒத்தன.

நாமகிரித் தாயார் கனவிலே வந்து சொன்னாள் என்பார்கள். அவரே அப்படி நம்பினார்; மறைப்பானேன்? ஆனால் ஹார்டிக்கு அவர் எழுதியவற்றிலே, பகா எண்களைப் பற்றிச் சொன்னவை சில தவறாகப் போயின. தெய்வம் சொல்லியிருந்தால் தவறு வருமா? உழைத்தவனுக்குத்தானே தவறும்! அருள் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு வசதி! காய்த்த முழங்கையைப் பார்க்க வேண்டாம். பட்டினி போட்டவர் யார் என்று கேட்க வேண்டாம். வீட்டிலே தலைமுறை தலைமுறையாக எழுத்தறிவு இருந்த அக்கிரகாரத்துப் பிள்ளையே மயிரிழையில்தான் தப்பினார் என்றால், கோர்வைக்கு இழை எண்ணிக்கொண்டு தறியடியிலேயே வளர்ந்தானே, பள்ளி வாசலை மிதிக்காமல், அந்தக் காலத்து நெசவாளி மகன், அவன் தலைக்குள் என்ன கணக்கு இருந்ததோ! அவனுக்கு சிலேட்டும் கிடைக்கவில்லையே!

1918-ல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அதே ஆண்டு டிரினிட்டிக் கல்லூரியின் ஃபெல்லோவும் ஆனார். அதற்குள் உடலை நோய் தின்றுவிட்டது. போர்க்காலம், குளிர், மரக்கறி கிடைக்காத ஊர். 1919-ல் திரும்பினார். படுக்கையிலும் கணக்குதான். 1920 ஏப்ரல் 26-ல் சென்னையிலே கண் மூடினார். கடல் கடந்தவர் என்று இறுதிச் சடங்குக்கும் வராதிருந்த உறவினர் உண்டு!

ஆனால் நோட்டுப் புத்தகங்கள் சாகவில்லை. அவர் கையெழுத்திலேயே பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனம் 1957-ல் அச்சிட்டது. கடைசி ஆண்டின் தாள்களை 1976-ல் கேம்பிரிட்ஜ் நூலகமொன்றில் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் கண்டெடுத்தார். முழங்கை துடைத்துவிட்ட வழிகளைத் தேடிப் பெர்ன்ட் என்ற பேராசிரியர் ஐந்து பெரும் தொகுதிகள் எழுதினார். 1985-ல் தொடங்கி 1998-ல்தான் முடிந்தது. அதே 1985-ல் காஸ்பர் என்பவர், இராமானுஜம் 1914-ல் எழுதிய சூத்திரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வட்டக் கணக்குக்குரிய பை என்ற எண்ணை ஒரு கோடியே எழுபது இலட்சம் இலக்கங்களுக்கும் மேல் கண்டார்.

1909-ல் அவருக்கு மாலையிட்டபோது ஜானகிக்கு வயது பத்து. கைம்பெண்ணானபோது இருபத்தொன்று. கணவனோடு அவர் வாழ்ந்த காலம் சில ஆண்டுகளே. தையல் கற்றுக்கொண்டார். 1931-ல் சென்னைக்கு வந்தவர், பல்கலைக்கழகம் தந்த சிறு உதவித் தொகையோடு, திருவல்லிக்கேணியிலே துணி தைத்துப் பிழைத்தார். 1994 வரை உயிரோடிருந்தார்.