பாரிசில் ஒரு தமிழாசிரியர்

இரும்பையிலிருந்து வில்லியனூருக்கு ஒரு காலைப் பொழுதில் நடந்தே போய்விடலாம். அந்த வில்லியனூரைப் பாடிய வில்லைப் புராணம், கடல்கடந்த பாரிசு நகரிலிருந்து பிரதியாகி நம் புலவர் கைக்கு வந்த கதையை அறிவீர்களா? அனுப்பியவர் பிரெஞ்சுக்காரர். பெயர் ஜூலியன் வின்சோன்.

1843இல் பாரிசில் பிறந்தார். தந்தையார் காரைக்காலில் நீதிபதி. ஆகவே பிள்ளைப் பருவம் அங்கே கழிந்தது. ஆளவந்த இனத்தின் பிள்ளை அவர். வேலைக்காரனை ஏவ நாலு சொல், வண்டிக்காரனை அதட்ட நாலு சொல் என்று தமிழை அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவரோ இலக்கணம் கற்றார், இலக்கியம் கற்றார், ஆயுள் முழுவதும் கற்றுக்கொண்டே இருந்தார்.

பிரான்சில் அவருக்குச் சோறு போட்டது காட்டிலாகா உத்தியோகம். பயோன் வட்டாரத்தில் வேலை பார்த்தபோது பாஸ்க் மக்களைக் கண்டார். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே மலைச்சாரலில் வாழும் அந்த மக்களுக்குத் தனி அரசு இல்லை. தனி மொழி மட்டும் உண்டு. அந்த மொழியையும் அவர் கற்றார். குடியானவர் வாயில் வழங்கிய கதைகளைத் தொகுத்து 1883இல் நூலாக வெளியிட்டார். அரசாங்கம் மதிக்காத மொழியையும் மதிக்கத் தெரிந்த மனிதர்!

1879 முதல் பாரிசிலுள்ள கீழ்த்திசை மொழிப் பள்ளியில் தமிழ் கற்பித்தார். அங்கே தமிழ் ஏடுகள் ஏது என்று கேட்பீர்கள். மரக்காணம் உப்பளத்துத் தோழருக்கு ஒன்று தெரியும்: விளைந்த உப்பைக் காலத்தில் வாராவிட்டால் ஒரே மழையில் கரைந்துபோகும். ஓலைச்சுவடியும் அப்படித்தான். நம் வீட்டுப் பரண்களில் கரையான் அரித்துக்கொண்டிருந்த காலத்தில், புதுச்சேரி அரசாங்கத்தில் வேலை பார்த்த அரியேல் என்ற பிரெஞ்சுக்காரர் ஏடுகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். குறளின் பகுதிகளைப் பிரெஞ்சில் பெயர்த்தவரும் அவரே. 1854இல், நாற்பது வயது நிரம்பு முன்னே, புதுச்சேரியிலேயே இறந்தார். அவர் சேர்த்த சுவடிகள் பாரிசுக்குப் போயின. வின்சோனுக்கு அவை புதையலாயின.

1887இல் கும்பகோணத்து உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அது பாரிசுக்கும் எட்டியது. 1891இல் வின்சோனின் கடிதம் கும்பகோணம் வந்தது. தமிழிலேயே எழுதிய கடிதம்! பாரிசு நூல்நிலையத்தில் என்னென்ன தமிழ்ச் சுவடிகள் உண்டு என்று அதில் தெரிவித்திருந்தார். ஐயர் வேண்டியபடி வில்லைப் புராணத்தைப் பிரதி செய்து அனுப்பினார். அது 1940இல் ஐயர் பதிப்பாக வெளிவந்தது. அதைக் காண வின்சோன் இல்லை, 1926இலேயே மறைந்துவிட்டார்.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் பகுதிகளை 1894இல் பிரெஞ்சுக்காரர் படிக்கச் செய்தார். 1900இல் சிந்தாமணி, சிலம்பு, மணிமேகலைக் கதைகளைத் தம் மக்களுக்கு எடுத்துச் சொன்னார். 1903இல் தமிழ் கற்பதற்கு ஒரு கைந்நூல் தந்தார்.

வெள்ளையர் என்பதற்காக அவரைப் போற்ற வேண்டியதில்லை. அவர் நாடு நம்மை ஆண்டது என்பதை மறக்கவும் வேண்டியதில்லை. உழைப்பின் அருமை அறிந்தவர்கள் நாம். அந்த மனிதரின் உழைப்புக்கு மதிப்புத் தருவோம். அதோடு நம்மையும் கேட்டுக்கொள்வோம்: பக்கத்து ஊர்ப் புராணத்தைப் பாரிசு பாதுகாத்தது, நாம் எதைப் பாதுகாத்தோம்?

தோழர்களே, உங்கள் வீட்டுப் பரணிலோ, ஊர்ப் பெரியவரின் பெட்டியிலோ பழைய ஏடு ஒன்று கிடக்கலாம். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடாதீர்கள், அடுப்பில் போடாதீர்கள். படிக்கத் தெரிந்தவர் கையில் சேருங்கள். மழை வருமுன் உப்பை வாரிவிட வேண்டும்.