மில்டன் ஊர்த் தச்சர்

பழைய அமெரிக்கத் தளபாடம் சேர்ப்போர் பலரும் நியூயோர்க்கின் டங்கன் ஃபைஃப் செய்தவற்றையே நாடுவர். நானோ வட கரோலினாவின் மில்டன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த தோமஸ் டேயை முன்வைப்பேன்.

1801 இல் வேர்ஜீனியாவிலே, அடிமைத்தளையற்ற கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். தச்சுத்தொழில் தந்தைவழி வந்தது. 1830 இல் வேர்ஜீனியாவைச் சேர்ந்த அக்குயிலாவை மணந்தார். அடிமையல்லாத கறுப்பினத்தவராயினும் வெளியிலிருந்து வந்து குடியேறலாகாது என்றது வட கரோலினாச் சட்டம். மனைவியை வீட்டுக்கு அழைத்துவர வழியில்லை. மில்டனின் வெள்ளையர் 61 பேர் சட்டசபைக்கு மனுச் செய்தனர். அவருக்கு விலக்குக் கிடைத்தது. அவர்களுடைய பரிவை நான் மறுக்கவில்லை. எனினும், நல்ல அலுமாரி செய்பவர் ஊரைவிட்டுப் போய்விடுவாரே என்ற கவலையே மேலோங்கியிருக்க வேண்டும்.

1850 இல் அம்மாநிலத்தின் மிகப்பெரிய தளபாடப் பட்டறை அவருடையது. ஆளுநர் டேவிட் ரீடின் வீட்டுக்கும் அவரே செய்து கொடுத்தார். அவ்வாண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 14 அடிமைகளுக்கும் அவரே உடைமையாளர். இதை விடுத்து அவரைப் புகழ்தல் எனக்கு உடன்பாடன்று.

1857 இன் பொருளாதார நெருக்கடி அவரை நொடிக்கச் செய்தது. 1861 அளவில் மறைந்தார். வட கரோலினா வரலாற்று நூதனசாலை அவருடைய மகோகனித் தளபாடங்களைத் தேடிச் சேர்த்திருக்கிறது. பெரும்பாலானவற்றிற் பெயர் பொறிக்கப்படவில்லை. பழைய கணக்குச் சீட்டுகளையும், அவர் கைக்கே உரிய வளைவுகளையும் கொண்டே அடையாளங் காண்கின்றனர்.