ஆசிரியர்க்கு ஆசிரியராய் நின்ற அடிகளார்

கல்குடாப் பகுதிப் பாடசாலைகளுக்கு ஆசிரிய மாணவர் கற்பித்தற் பயிற்சியின்பொருட்டு வருவதும், அவ்வப் பாடத்திற் பழகிய ஆசிரியர் ஒருவர் தம் வகுப்புகளை முடித்த பின்னர் எஞ்சிய நேரத்தில் அவர்க்குத் துணைநிற்பதும் நம்மவர் அறிந்தனவே. இத்தகையோரை இந்நாளில் வளவாளர் என்பர். இவர் கலாசாலை விரிவுரையாளரும் அல்லர், அதிபரும் அல்லர். வாரத்திற் சில மணி நேரமே ஆசிரிய மாணவரோடு இருப்பர். தமிழ்ப் பாடத்துக்கு அப்பணி சில ஆண்டுகளாக என்பால் வந்து சேர்ந்துள்ளது.

முதலாண்டில் யான் செய்த பிழையொன்றை இங்கு மறையாது கூறுதல் வேண்டும். என்னிடம் வந்த ஆசிரிய மாணவர் ஒருவரின் பாடக் குறிப்பேட்டைச் சிவப்பு மையால் நிரப்பினேன். சந்திப் பிழை, சொற்பிழை, நேரப் பகுப்பிற் பிழை என ஒன்றையும் விட்டேனல்லேன். அடுத்த வாரம் அவர் எழுதிவந்த குறிப்பில் ஒரு பிழையும் இல்லை. ஆயின் வகுப்பிலே அவர் அக்குறிப்பேட்டினின்றும் கண்ணை எடுக்கவில்லை. பிள்ளைகளின் முகத்தை ஒருமுறையேனும் நோக்கவுமில்லை. குறிப்பேட்டைத் திருத்திவிட்டேன், ஆசிரியரை அஞ்ச வைத்துவிட்டேன் என்பதை அன்று உணர்ந்தேன். ஆசிரியராக வளர்பவர்க்கு அருகில் நிற்பவன் எவ்வாறு நிற்றல் வேண்டும் என்று எண்ணியபோது, நம் மட்டக்களப்பு மண் தந்த விபுலாநந்த அடிகளாரின் வாழ்வை மீளவும் படிக்கலானேன். நம் கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையில் அப்பெரியாரை ஆசிரியர்க்கு ஆசிரியர் என்னும் நிலையில் வைத்து நினைத்தல் பொருத்தமுடைத்து.

மட்டக்களப்பின் தென்பால், இன்று அம்பாறை மாவட்டத்துள் அடங்கிய காரைதீவிலே, 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன் என்பது. ஊரிலே குஞ்சித்தம்பி உபாத்தியாயரிடம் எழுத்தறிந்தார். புலோலி வைத்திலிங்க தேசிகரிடம் தமிழ் நூல்களைப் பாடங்கேட்டார். ஆங்கிலக் கல்வியைக் கல்முனையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பெற்று, 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். அப்போது அவர்க்கு வயது பதினாறு.

மாணவராய் அமர்ந்த பள்ளியிலேயே ஆசிரியராய் நிற்கும் நிலை அவர்க்கு இளமையில் வாய்த்தது. பயிற்சி பெறாத இளைஞர் பலர் அக்காலத்தில் அவ்வாறே வகுப்பேற்றனர். தாம் அறிந்ததைச் சொல்லுதல் வேறு, பிறர் அறியுமாறு செய்தல் வேறு என்பது வகுப்பில் நின்றார் அனைவர்க்கும் விரைவில் விளங்கும். 1911இல் அவர் கொழும்பு அரசினர் ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்து, ஈராண்டு பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியராக வெளிவந்தார்.

இவ்விடத்தில் அன்பர்கள் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். அக்கலாசாலையில் அவர் பெற்றது ஆங்கில ஆசிரியர்க்குரிய பயிற்சி. அவரைப் பின்னாளில் உலகறியச் செய்த தமிழோ கலாசாலைச் சுவர்களுக்கு வெளியே வளர்ந்தது. கொழும்பில் வாழ்ந்த தென்கோவைக் கந்தையாபிள்ளை முதலான தமிழறிஞரை நாடிச் சென்று அவர் தமிழ் கற்றார். கலாசாலையின் ஆசிரியர் பட்டியலில் இடம்பெறாத அவ்வறிஞரின் பங்கும் அம்மாணவரின் கல்வியில் கலாசாலையின் பங்கிற்குக் குறைந்ததன்று. கற்பிக்கும் முறையைக் கலாசாலை தந்தது; கற்பிக்கவேண்டிய பொருளின்மேற் காதலை ஓய்வுநேர ஆசிரியர் தந்தனர். இரண்டில் ஒன்று குறைந்திருப்பினும் நமக்கு ஒரு விபுலாநந்தர் கிடைத்திரார்.

பயிற்சி முடிந்து மட்டக்களப்புக்கு மீண்டு ஆசிரியப் பணி புரிந்தவர், அத்துடன் கல்வி முற்றிற்று என்று அமைந்தாரல்லர். மறுபடியும் மாணவராகிக் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து, 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தாரின் பண்டித பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் முதலிற் சித்தியெய்தியவர் என்று அவரைக் குறிப்பிடுவர். ஒரு கையிற் சோதனைக் குழாயும் மறுகையில் ஏட்டுச் சுவடியும் ஏந்தியவர் என்று அவரைச் சொல்லலாம். விஞ்ஞானம் ஆங்கிலத்துக்கு உரியது, தமிழ் புராணத்துக்கு உரியது என்று கற்றாருங் கருதிய காலம் அது. அக்கருத்துப் பிழையென்பதை வாதத்தால் அன்றி வாழ்வால் அவர் காட்டினார்.

1917இல் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். பணியை விடாமலே தனித்துப் படித்து லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரை அதிபராக வரவேற்றது. சதாசிவ ஐயரின் முயற்சியால் யாழ்ப்பாணத்தில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் தோன்றியபோது, அதற்குத் துணைநின்றாருள் அவரும் ஒருவர். மதுரைக்குச் செல்லாமலே தமிழ் பயில்வோர் இந்நாட்டிற் பண்டித பரீட்சைக்குத் தோற்ற அச்சங்கம் வழிசெய்தது. பகலில் வகுப்பெடுத்து இரவில் விளக்கொளியிற் படித்த தமிழாசிரியர் எத்தனையோ பேர்க்கு அது கைகொடுத்தது. தாம் ஏறிய ஏணியைப் பிறர்க்கும் சாத்திவைத்தல் நல்லாசிரியர் இயல்பு.

பட்டமும் பதவியும் ஒருங்கே அமைந்த அந்நிலையை அவர் 1922இல் துறந்தார். சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்து பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரிய நாமம் பெற்றார். ஆங்கு இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி என்னும் இதழ்களின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1924இல் சுவாமி சிவாநந்தரிடம் துறவு ஏற்றுச் சுவாமி விபுலாநந்தர் ஆயினார். அதிபர் ஆசனத்தை விட்டவர் ஆசிரியப் பணியையும் விட்டாரோ எனின், இல்லை. 1925இல் இலங்கைக்கு மீண்டு, இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளை நடத்தும் பொறுப்பை மேற்கொண்டார். யாழ்ப்பாணத்து வைத்தீசுவர வித்தியாலயமும், திருக்கோணமலை இந்துக் கல்லூரியும், கிழக்கிலங்கைப் பாடசாலைகள் பலவும் அவர்தம் கவனிப்பில் வளர்ந்தன. 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவாநந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார்.

துறவு அவரை ஒரு பள்ளிக்கு உரியவர் என்ற நிலையினின்றும் நீக்கி, பல பள்ளிகளுக்கு உரியவராக்கியது. ஓரிடத்தில் நிலையாக அமர்ந்து ஆளும் அதிபரைப் போலன்றி, தேவை உள்ளவிடத்துச் சென்று, வேண்டிய துணையைத் தந்து, பணி தானே நடக்கும் நிலை வந்ததும் அடுத்த இடம் நோக்கி நடப்பவராக அவர் வாழ்ந்தார். வளவாளர் என்னும் சொல் அக்காலத்தில் வழங்கவில்லை. பொருள் அவரிடத்தில் இருந்தது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அது தொடங்கி ஈராண்டே ஆகியிருந்தது. 1933 வரை அங்கிருந்து தமிழ்த்துறைக்கு அடித்தளமிட்டு, அமைதியுடன் விலகினார். அதன் பின்னர் அவர் ஆற்றிய பணியொன்று நம் பாடசாலை ஆசிரியர் அனைவரையும் தொடுவது. பௌதிகம், இரசாயனம், கணிதம், தாவரநூல் ஆகியவற்றைத் தமிழிற் கற்பிக்க விரும்பிய ஆசிரியர், கரும்பலகை முன் நின்றதும் சொல்லின்றித் தடுமாறினர். ஒருவர் ஆங்கிலச் சொல்லை அவ்வாறே எழுதினார். மற்றொருவர் வடமொழியிற் கடன்பெற்றார். வேறொருவர் தாமே புதுச்சொல் புனைந்தார். ஒரு வகுப்பிற் கற்ற பிள்ளைக்கு அடுத்த வகுப்பின் மொழி விளங்கவில்லை. இக்குறையைத் தீர்க்கச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் அறிஞரைக் கூட்டியபோது, 1936இல் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகளார் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற் றொகுதி 1938இல் வெளிவந்தது.

பயிற்சி பெறும் ஆசிரியர்க்கு ஒரு சொற்றொகுதி எத்துணை உதவி என்பதை வகுப்பில் நின்றவரே அறிவர். 1950களில் இந்நாட்டின் இடைநிலை வகுப்புகள் ஆங்கிலத்தினின்றும் தாய்மொழிக்கு மாறியபோது, கலைச்சொற்களின் தேவை இங்கும் பெரிதாயிற்று. அம்மாற்றத்தைக் காண அடிகளார் இருந்திலர். ஆயினும் தாம் நேரில் ஒருபோதும் காணாத ஆசிரியரின் வகுப்பறைக்கும் துணை செய்ய முன்னரே உழைத்தவர்களுள் அவர் ஒருவர்.

தம் நூல்களிலும் அவர் ஆசிரியராகவே விளங்கினார். மதங்கசூளாமணி என்னும் நூலில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் தமிழ் நாடக மரபையும் ஒருங்குவைத்து ஆராய்ந்தார். ஆங்கிலம் கற்றோர் தமிழுக்கும், தமிழ் கற்றோர் மேலைநாட்டு நாடகத்துக்கும் அதன் வழியே செல்லலாம். அறிந்ததிலிருந்து அறியாததற்கு இட்டுச் செல்லுதல் ஆசிரிய கலாசாலையிற் கற்பிக்கும் முதற் பாடம். யாழ்நூலிலோ, சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் அருஞ்செய்திகளைக் கணிதமும் பௌதிகமும் கொண்டு விளக்கி, மறைந்துபோன யாழ்க்கருவிகளை மீளவும் உருப்படுத்த முயன்றார். தமிழாசிரியர் கைவிட்ட இடத்தையும் விஞ்ஞான ஆசிரியர் எட்டிப் பாராத இடத்தையும் ஒருவரே நின்று நிரப்பினார். இளமையில் இரு கல்வியையும் கைவிடாது காத்ததன் பயன் அது.

1939இல் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமம் சென்று பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பெற்றது. பல ஆண்டு உழைப்பின் கனியாகிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டு சூன் மாதம் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அதன்பின் இரு திங்களும் நிரம்பவில்லை. சூலை மாதம் 19ஆம் நாள் ஐம்பத்தைந்தாவது வயதில் கொழும்பில் அவர் இறைவனடி எய்தினார். திருவுடல் மட்டக்களப்புக்குக் கொணரப்பட்டுக் கல்லடி உப்போடையில், தாம் கண்ட வித்தியாலயத்தின் அருகிலேயே அடக்கம் பெற்றது. இன்றும் பாடசாலைப் பிள்ளைகளின் ஆரவாரம் அச்சமாதியைச் சூழ்ந்து ஒலிக்கின்றது. ஆசிரியர் ஒருவர்க்கு இதனினும் ஏற்ற தாலாட்டு வேறில்லை.

இவ்வரலாற்றைப் படித்து முடித்தபோது என் மனத்தில் நிலைத்தது ஒன்று. தேர்வு பல எழுதி, மாணவர் இருக்கைக்கு மீண்டும் மீண்டும் திரும்பியவராதலின், கற்பவரின் இடர்ப்பாட்டை அவர் மறந்திருத்தல் இயலாது. யானோ பயிற்சிச் சான்றிதழ் பெற்ற நாளோடு அவ்விருக்கையை விட்டு எழுந்துவிட்டேன். என் சிவப்பு மைக்குக் காரணம் அதுவே.

அடுத்த முறை அவ்வாசிரிய மாணவர் வந்தபோது குறிப்பேட்டைத் திறக்கவில்லை. என் வகுப்பின் பின்வரிசையில் அவரை இருத்தி யானே ஒரு பாடம் நடத்தினேன்; பின்னர் அதிற் கண்ட குறைகளைக் கூறுமாறு கேட்டேன். முதலில் தயங்கினார். வற்புறுத்தியபின் மூன்று குறைகளைச் சொன்னார்; மூன்றும் உண்மையே. கடைசி வரிசைப் பிள்ளைகளை யான் ஒருமுறையும் வினவவில்லை என்பது அவற்றுள் ஒன்று. மறுநாள் அவர் பாடம் நடத்துகையில் குறிப்பேடு மேசைமீது கிடந்தது. அவர் கண்கள் பிள்ளைகள்மேல் இருந்தன. அவர் எழுத்திற் சில சந்திப் பிழைகள் இன்னும் உள. அவை நாளடைவில் தீரும்.

பழைய மாணவர்களே, நும்முட் கணிதம் வல்லாரும், விஞ்ஞானம் வல்லாரும், மொழி வல்லாரும், பணியினின்றும் ஓய்ந்தாரும் பலர் உளீர். நம் பகுதிப் பாடசாலைகளுக்கு வரும் இளம் ஆசிரியர்க்கு வாரம் ஒரு மணி நேரம் துணைநிற்றல் உமக்குப் பெரும் பாரம் ஆகாது. கொழும்பிலே காரைதீவு இளைஞர் ஒருவர்க்குத் தமிழறிஞர் சிலர் தம் ஓய்வு நேரத்தை ஈந்தனர். அதன் பயனை இன்றும் நுகர்கின்றோம். இனி வரும் இளைஞர் எவர் எவ்வாறு ஆவர் என்பதை அறிவார் யார்? அதிபரின் அனுமதி பெற்று, குறிப்பேட்டை மூடிவைத்து, முதலில் பின்வரிசையில் அமருங்கள். அங்கிருந்து பார்த்தால் ஆசிரியரும் தெரிவார், பிள்ளைகளும் தெரிவர்.