பள்ளிச் சட்டத்தைக் காத்த பிரதிநிதி

தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்ற பெயரை அமெரிக்கர்கள் அடிமை முறை ஒழிப்போடு சேர்த்தே நினைவுகூர்கின்றனர். பல்லாண்டுகள் பொதுநிதியியல் கற்பித்த நான், அதற்கு முன்பு மாநிலச் சட்டப்பேரவையில் அவர் ஆற்றிய பணியையே பெரிதும் மதிக்கிறேன்.

1792-இல் வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் என்ற சிற்றூரில், ஒரு கால் ஊனத்துடன் பிறந்தவர் ஸ்டீவன்ஸ். காலணி தைத்துப் பிழைத்த தந்தை குடும்பத்தைக் கைவிட்டார். தாய் சாரா, பிள்ளைகளின் படிப்புக்காகவே பள்ளி இருந்த பீச்சம் ஊருக்குக் குடிபெயர்ந்தார். 1814-இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்ற ஸ்டீவன்ஸ், பென்சில்வேனியாவில் ஆசிரியராகவும் பின்னர் கெட்டிஸ்பர்க்கில் வழக்குரைஞராகவும் பணியாற்றினார். 1833-இல் அம்மாநிலச் சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அங்கு 1809-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி வேண்டுமென்றால் பெற்றோர் தங்களை ஏழைகள் என்று அறிவித்துக்கொள்ள வேண்டும். அந்த அவமானத்துக்கு அஞ்சிப் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. 1834-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், வரிப் பணத்தில் அனைவருக்கும் பொதுவான பள்ளிகளுக்கு வழி வகுத்தது. வரி என்றதும் எதிர்ப்பு மூண்டது. பிள்ளைகள் இல்லாதவர்களும், தங்கள் திருச்சபைப் பள்ளிகளை நடத்திவந்தவர்களும், பிறர் பிள்ளைகளுக்காகத் தாங்கள் ஏன் வரி செலுத்த வேண்டும் என்று கேட்டனர். மாநில செனட் அச்சட்டத்தை நீக்க வாக்களித்தது.

1835 ஏப்ரலில் ஸ்டீவன்ஸ் பேரவையில் எழுந்து வாதாடினார். நீதிமன்றத்தையும் சிறையையும் ஒருநாளும் நாடாதவர்கள்கூட அவற்றுக்காக முணுமுணுப்பின்றி வரி செலுத்துவதைச் சுட்டிக்காட்டினார். குற்றவாளியைத் தண்டிக்கச் செலவிடும் சமூகம், குற்றத்தைத் தடுக்கும் கல்விக்குச் செலவிடத் தயங்கலாமா என்பதே அவர் வாதத்தின் சாரம். ஒருவர் பெறும் கல்வியால் அண்டை அயலாரும் பயனடைகின்றனர் என்று பொருளியல் பிற்காலத்தில் வகுத்துரைத்த கருத்தின் வித்து அதில் இருக்கிறது. மாற்றுக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் ஜார்ஜ் உல்ஃபுக்கு இவ்விஷயத்தில் அவர் தோள் கொடுத்தார். தம் தொகுதியினரிலேயே பலரின் அதிருப்தியையும் பொருட்படுத்தவில்லை. பேரவை அவர் பக்கம் சாய்ந்தது, சட்டம் பிழைத்தது.

கறுப்பினத்தவருக்கு வாக்குரிமையை மறுத்ததால், 1838-இல் மாநிலத்தின் புதிய அரசியல் சாசனத்தில் கையெழுத்திட அவர் மறுத்தார். பின்னர் நாடாளுமன்றம் சென்று, உள்நாட்டுப் போரின்போது நிதிக் குழுத் தலைவராக விளங்கினார். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற 14-ஆவது திருத்தம் நிறைவேறவும் பாடுபட்டார். விடுதலை பெற்ற அடிமைகளுக்கு நிலம் வழங்கும் அவரது திட்டம் மட்டும் நிறைவேறவில்லை. 1868-இல் மறைந்தபோது, எல்லா இனத்தவரையும் ஏற்றுக்கொண்ட லங்காஸ்டர் நகர இடுகாட்டில், அவர் விருப்பப்படியே அடக்கம் செய்யப்பட்டார்.

தம் பிள்ளை படிக்காத பள்ளிக்குத் தம் வரி எதற்கு என்று கேட்போர் எக்காலத்திலும் இருப்பர். அதற்கு விடை சொல்லும் துணிவுள்ள பிரதிநிதிகள் அவையில் இருக்கிறார்களா என்பதே கேள்வி. அத்தகைய ஒருவர் இருந்ததால்தான் பென்சில்வேனியாவில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு அடைபடாமல் இருந்தது.