அட்ரியாட்டிக்கின் படகுத் தலைவர்

முதல் உலகப்போரின்போது அட்ரியாட்டிக் கடலின் மேற்குக்கரை இத்தாலியிடமும், கிழக்குக்கரை ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசிடமும் இருந்தன. பெரும்பொருள் செலவிட்டுக் கட்டப்பட்ட இரு தரப்புப் போர்க்கப்பல்களும் கண்ணிவெடிகளுக்கும் நீர்மூழ்கிகளுக்கும் அஞ்சித் துறைமுகங்களிலேயே நங்கூரமிட்டுக் கிடந்தன. வெளியே வராத பகைக்கலத்தை அதன் துறைக்குள் நுழைந்தே தாக்க வேண்டியிருந்தது. அப்பணிக்கு இத்தாலியர் ‘மாஸ்’ எனப்பட்ட சிறிய மரப்படகுகளைப் பயன்படுத்தினர். ஏறத்தாழ 16 மீட்டர் நீளமுள்ள அப்படகு, நீருக்கடியில் விரைந்து சென்று கப்பலின் அடிப்பகுதியைப் பிளக்கும் இரண்டு டார்பிடோக்களைச் சுமந்து சென்றது. பகைவர் கண்ணில் பட்டுவிட்டால் ஒரே பீரங்கிக்குண்டு அதனைச் சிதறடித்துவிடும்.

இப்படகுகளால் புகழ்பெற்ற லூயிஜி ரிட்சோ, 1887 அக்டோபர் 8 அன்று சிசிலித் தீவின் மிலாட்சோ நகரில் கடலோடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். கடற்படைக் கல்லூரியில் பயின்று உயர்ந்தவர் அல்லர். வணிகக் கப்பல்களில் தொழில் கற்று, போர்க்காலத்தில் துணைப்படை அலுவலராகப் பணியேற்றவர்.

1917 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி, இரண்டு படகுகள் திரியெஸ்த் துறையை அடைந்தன. வாயிலை மறித்திருந்த எஃகு வடங்களை ஒவ்வொன்றாக அறுக்க வேண்டியிருந்தது. காவலர் கரையில் இருக்க, ஓசை எழாதவாறு ஏறத்தாழ இரண்டு மணிநேரம் அவ்வேலை நடந்தது. வழி கிடைத்ததும் ரிட்சோ ஏவிய டார்பிடோக்கள் ‘வீன்’ என்னும் போர்க்கப்பலைத் தாக்கின. சில நிமிடங்களில் அது மூழ்கியது. மாலுமிகள் 46 பேர் மாண்டனர். துணைப்படகு ஏவியவை மற்றொரு கப்பலான ‘புடாபெஸ்ட்’டைத் தவறவிட்டன. துணிவைவிடப் பொறுமையே அன்றிரவு பெரிதும் உதவியது எனலாம்.

இரண்டு திங்கள் கழித்து, கவிஞர் தனுன்சியோவும் உடன்வர, பகைவரின் புக்காரி விரிகுடாவுக்குள் ரிட்சோ படகு செலுத்தினார். எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. ஆயினும் அந்நிகழ்வு சோர்ந்திருந்த இத்தாலியருக்கு ஊக்கம் தந்தது.

1918 ஜூன் 10 விடியற்காலையில், பிரேமுடா தீவை அடுத்த கடலில் ரோந்து முடித்துத் திரும்பும் நேரத்தில், தொலைவில் கரும்புகை எழுவதை ரிட்சோ கண்டார். தம்மைத் தேடிப் பகைவர் வருவதாகவே முதலில் எண்ணினார். உண்மையில் அவை ஒத்ராந்தோ நீரிணை முற்றுகையை உடைக்கத் தெற்கு நோக்கிச் சென்ற ‘சென்ட் இஷ்த்வான்’, ‘டெகெட்ஹாஃப்’ ஆகிய பெரும் போர்க்கப்பல்கள். ஒவ்வொன்றும் 20,000 டன்னுக்கு மேற்பட்டது. சுற்றிலும் காவற்கலங்கள் வந்தன. வெளிச்சம் பரவுமுன் விலகிச் சென்றிருந்தால் எவரும் குறைகூறியிருக்கமாட்டார். ரிட்சோவோ படகைப் பகைவரை நோக்கித் திருப்பினார். நுரை எழுந்து காட்டிக்கொடுக்காதபடி வேகத்தைக் குறைத்து, காவற்கலங்கள் இரண்டின் இடையே புகுந்தார். சில நூறு மீட்டர் தொலைவிலிருந்து இரண்டு டார்பிடோக்களையும் ஏவினார். இரண்டும் சென்ட் இஷ்த்வானைத் துளைத்தன.

உடனே காவற்கலம் ஒன்று துரத்தியது. நீர்மூழ்கிகளைத் தாக்கும் ஆழ்குண்டுகளைத் தம் படகின் பின்னே எறியச் செய்தார் ரிட்சோ. ஒன்று வெடிக்கவில்லை, அடுத்தது துரத்திவந்த கலத்தின் முன் வெடிக்க, அது விலகிக்கொண்டது. சென்ட் இஷ்த்வானின் மாலுமிகள் இரண்டரை மணிநேரத்திற்கும் மேலாகக் கப்பலைக் காக்கப் போராடினர். காலை 6 மணியளவில் அது கவிழ்ந்தது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோரில் 89 பேர் உயிரிழந்தனர். உடன்வந்த கப்பலிலிருந்து அக்காட்சி படமாகவும் எடுக்கப்பட்டது. படைத்தலைவர் ஹோர்த்தி முற்றுகையை உடைக்கும் திட்டத்தைக் கைவிட்டார்.

ரிட்சோ வீரத்திற்கான தங்கப்பதக்கத்தை இருமுறை பெற்றார். பின்னாளில் கோமகன் பட்டமும் பெற்றார். ஜூன் 10 இத்தாலியக் கடற்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இரண்டாம் உலகப்போரில் அவருக்கு வேறொரு சோதனை நேர்ந்தது. 1943 செப்டம்பரில் இத்தாலி நேச நாடுகளுடன் போர்நிறுத்தம் செய்துகொள்ள, ஜெர்மானியப் படை நாட்டைக் கைப்பற்றத் தொடங்கியது. அப்போது அட்ரியாட்டிக் கரையில் கப்பல் கட்டும் நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்த ரிட்சோ, ஜெர்மானியர் கையில் சிக்காதவாறு தம் பொறுப்பிலிருந்த கப்பல்களைச் சிதைத்துவிடுமாறு ஆணையிட்டார். பகைக்கலங்களை மூழ்கடித்துப் பெயர் பெற்றவர், தம் நாட்டுக் கப்பல்களையே அழிக்க நேர்ந்தது. ஜெர்மானியர் அவரைச் சிறைப்பிடித்து நாடுகடத்தினர். அவருடைய மகளும் உடன் சென்றார்.

போர் முடிந்தபின் தாயகம் திரும்பிய ரிட்சோ, 1951 ஜூன் 27 அன்று உரோமில் காலமானார். பிரேமுடாவில் அவர் செலுத்திய ‘மாஸ் 15’ படகு இன்றும் அந்நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.