சபராளி காழி இப்னு பதூதா

நம் பாட்டன்மார் காலத்தில், கடல் கடந்து பிழைக்கப் போனவரை ஊரில் சபராளி என்பார்கள். சஃபர் என்றால் பயணம். ஐம்பது ஆண்டு நிறைவு காணும் நம் சங்கத்தின் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, உலகச் சபராளிகளுக்கெல்லாம் மூத்தவரான ஒருவரின் வாழ்க்கையை எழுதலாம் என்று தோன்றியது. நான் வரலாறு படித்தவன் அல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கடைக்கு வந்தவன். எனவே இந்தப் பெரியவரின் வாழ்க்கையையும் ஒரு வியாபாரியாகவே பார்க்கிறேன். கையில் இருந்த முதல் என்ன, கைகொடுத்தவர்கள் யார், வரவு என்ன, செலவு என்ன என்பதே என் கணக்கு.

புறப்பாடு

அபூ அப்துல்லாஹ் முஹம்மது என்னும் இப்னு பதூதா, 1304ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மொராக்கோவின் தாஞ்சியர் துறைமுகத்தில் பிறந்தார். காழிகளைத் தந்த குடும்பம். மாலிகி மத்ஹபின் சட்டங்களைக் கற்று, சொந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ காழியாக அமர்ந்து, நிக்காஹ், தலாக், பாகப்பிரிவினை வழக்குகளைத் தீர்த்து, நாலு பேர் மதிக்க வாழ்வதுதான் அவருக்குக் குடும்பம் போட்டுவைத்த பாதை. இன்றைய பேச்சில் சொன்னால், நிரந்தரமான அரசாங்க உத்தியோகம்.

1325 ஜூன் 14ஆம் நாள், 21 வயதில், ஹஜ்ஜை நிய்யத்து வைத்துத் தனியாகப் புறப்பட்டார். தாய், தந்தை இருவரும் உயிரோடு இருந்தார்கள். பிரிவு இரு பக்கமும் வேதனையாக இருந்தது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஹஜ்ஜுக்குப் போன பிள்ளை ஓரிரு ஆண்டுகளில் திரும்பிவிடுவான் என்றுதான் பெற்றவர்கள் எண்ணியிருப்பார்கள். அவர் மொராக்கோவுக்குத் திரும்பியபோது 24 ஆண்டுகள் கழிந்திருந்தன.

தொடக்கம் எளிதாக இல்லை. வழியில் கடுங்காய்ச்சல். ஒட்டகக் கூட்டத்தோடு போகாவிட்டால் கொள்ளையரிடம் சிக்க நேரும் என்பதால், கீழே விழாமலிருக்கத் தலைப்பாகைத் துணியால் தன்னைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு போனார். துனிஸ் நகரை அடைந்தபோது ஊரார் வந்து, கூட வந்தவர்களுக்கெல்லாம் சலாம் சொல்லி நலம் விசாரித்தார்கள். அவரை அறிந்தவர் அங்கே யாருமில்லை. அடக்க முடியாமல் அழுதுவிட்டார். கூட வந்த ஹாஜி ஒருவர் அதைக் கவனித்து, அருகில் வந்து சலாம் சொல்லிப் பேச்சுக் கொடுத்து, ஊருக்குள் போகும்வரை உடனிருந்தார். புது ஊரில் முதல் நாள் எப்படி இருக்கும் என்று அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதே துனிஸிலிருந்து அடுத்த பயணக் கூட்டம் கிளம்பியபோது, அந்தக் கூட்டத்தின் காழியாக அவரையே நியமித்தார்கள். அதுதான் அவருடைய முதல் உத்தியோகம்.

கையில் இருந்த முதல்

அவர் கொண்டுபோன முதல் பணமல்ல, படிப்பு. அரபு மொழியும் ஷரீஅத் சட்டமும் தெரிந்த ஒருவருக்கு அன்று மொராக்கோ முதல் இந்தியா வரை எங்கும் வேலை இருந்தது. ஊர் மாறினாலும் சரக்கு செல்லுபடியானது.

ஆனால் சரக்கு மட்டும் இருந்தால் போதாது. இரவு தங்க இடமும் ஒரு வேளைச் சோறும் வேண்டும். அதை வழி நெடுகப் பிறர் கொடுத்தார்கள். திமஷ்க் நகரில், அதாவது டமாஸ்கஸில், எதற்கெல்லாம் வக்ஃபு சொத்துகள் இருந்தன என்று அவர் வியந்து சொல்கிறார். ஹஜ்ஜுக்குப் போக இயலாதவர்களுக்கு ஒன்று, ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு ஒன்று, வழிப்போக்கர்களின் உணவுக்கும் உடைக்கும் ஒன்று. ஒரு நாள் சந்தில் ஓர் அடிமைச் சிறுவன் சீனப் பீங்கான் தட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டான். எஜமானர் அடிப்பாரே என்று அவன் நடுங்கி நிற்க, அங்கிருந்த ஒருவர் உடைந்த சில்லுகளைப் பொறுக்கச் சொல்லி, பாத்திர வக்ஃபின் பொறுப்பாளரிடம் அழைத்துப் போனார். சில்லுகளைக் காட்டியதும் புதுத் தட்டு வாங்கப் பணம் கிடைத்தது. பாத்திரம் உடைத்த பிள்ளைக்கும் ஒரு வக்ஃபு!

துருக்கியில் அவர் கண்டது நம் சங்கத்தாருக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே ஊர்தோறும் அகீ என்ற சகோதர அமைப்புகள் இருந்தன. அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் கைத்தொழில் செய்யும் இளைஞர்கள். பகலெல்லாம் உழைத்து, மாலையில் அன்றைய வருமானத்தைக் கொண்டுவந்து ஒன்றாகச் சேர்ப்பார்கள். அதில் உணவு வாங்கி, ஊருக்கு வந்த வெளியூர்க்காரரை உட்காரவைத்து விருந்து வைப்பார்கள். லாதிக் என்ற ஊரில் இப்னு பதூதா நுழைந்தபோது இரண்டு கூட்டத்தார் ஓடிவந்து அவருடைய குதிரைக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். சிலர் கத்தியையும் உருவிவிட்டார்கள். துருக்கி மொழி தெரியாத அவர், கொள்ளையர்கள் என்று நடுங்கிப்போனார். அரபு தெரிந்த ஒருவர் வந்து விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது: விருந்தாளியை யார் வீட்டுக்கு அழைத்துப் போவது என்பதுதான் தகராறு. கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள்.

தில்லி உத்தியோகமும் ராஜினாமாவும்

மக்கா, இராக், பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, துருக்கி, மத்திய ஆசியா எல்லாம் கடந்து 1333இல் சிந்து நதியை அடைந்தார். தில்லியில் அப்போது சுல்தான் முஹம்மது பின் துக்ளக் ஆட்சி. வெளிநாட்டு அறிஞர்களுக்குப் பெரும் பதவிகள் கொடுத்து வந்தார். சுல்தானைக் காணப் போவோர் காணிக்கை கொண்டுபோக வேண்டும். அவர் அதைவிடப் பல மடங்கு திருப்பிக் கொடுப்பார். இதை அறிந்த வணிகர்கள், புதிதாக வருவோருக்குக் காணிக்கைப் பொருள்களைக் கடனாகக் கொடுத்து, பரிசு கிடைத்ததும் லாபத்தோடு வசூலித்தார்கள். இப்னு பதூதாவும் இப்படிக் கடன் வாங்கித்தான் அரசவைக்குப் போனார்.

தில்லியின் காழி பதவி கிடைத்தது. ஆண்டுச் சம்பளம் 12,000 தீனார். பாரசீக மொழியில் அவருக்குத் தேர்ச்சி இல்லாததால் இரண்டு உதவியாளர்களையும் கொடுத்தார்கள். ஆனாலும் செலவு வருமானத்தைத் தாண்டியது. கடன் 55,000 தீனாருக்கு ஏறி, சுல்தானே அதை அடைக்க வேண்டி வந்தது. பெரிய சம்பளக்காரர்களின் கடன் சங்கதி அன்றும் இப்படித்தான் இருந்திருக்கிறது.

பிறகு காற்று மாறியது. சுல்தானின் கோபத்துக்கு ஆளாகி ஒரு ஷெய்கு கொல்லப்பட்டார். அவரை முன்பு போய்ப் பார்த்தவர் என்பதால் இப்னு பதூதாவின் மீதும் சந்தேகம் விழுந்தது. நான்கு காவலர்களை வைத்து அவரைக் கண்காணித்தார்கள். நோன்பு வைத்தும் திக்ரு ஓதியும் அந்த நாள்களைக் கழித்தார். உயிர் பிழைத்ததும் பதவியைத் துறந்து, உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பெரியவரிடம் ஐந்து மாதங்கள் ஃபக்கீராக இருந்தார். பிறகு சுல்தான் அவரை மீண்டும் அழைத்து, பயணத்தில் அவருக்குள்ள ஆசையை அறிந்து, சீனப் பேரரசருக்குத் தூதராக அனுப்பினார்.

நம் கரைக்கு வந்த கதை

தூது தொடக்கத்திலேயே கெட்டது. தில்லியிலிருந்து அதிக தூரம் போகுமுன்பே கொள்ளையரிடம் சிக்கித் தப்பினார். கோழிக்கோட்டில் சீனக் கப்பலில் பரிசுப்பொருள்கள் ஏற்றப்பட்டிருந்தன. ஜும்ஆ தொழுகைக்காக அவர் கரையில் தங்கினார். அடித்த புயலில் அந்தக் கப்பல் உடைந்து, அதிலிருந்தோர் மாண்டார்கள். அவருடைய சொந்தச் சாமான்களை ஏற்றிய இன்னொரு கப்பலோ அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. கையில் மிஞ்சியவை பத்து தீனாரும் படுக்கும் விரிப்பும்தான். தில்லிக்குத் திரும்பினால் சுல்தானிடம் என்ன சொல்வது? மாலத்தீவுக்குப் போய் அங்கே காழியானார். அங்கும் மந்திரியோடு ஒத்துவராமல் கிளம்பினார்.

இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தி மன்னர் அவரை வரவேற்று, முத்துகள் கொடுத்து, பாவா ஆதம் மலைக்குப் போகப் பல்லக்கும் ஆள்களும் தந்தார். அந்த மலைப் பயணத்தில் யோகிகளும் பிராமணர்களும் அவரோடு வழித்துணையாகப் போனார்கள்.

அங்கிருந்து தமிழகத்துக்குக் கடலேறியபோது மீண்டும் புயல். கரை தெரியும் தூரத்தில் கப்பல் தட்டிக்கொண்டது. கூட இருந்தவர்களை முதலில் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, இரவெல்லாம் உடைந்த கப்பலிலேயே கிடந்தார். விடிந்ததும் அந்தக் கரையின் மக்கள் படகில் வந்து அவரை இறக்கினார்கள்.

அப்போது மதுரையைச் சுல்தான் கியாசுத்தீன் ஆண்டு வந்தார். இப்னு பதூதா தில்லியில் மணந்த பெண்ணும் கியாசுத்தீனின் மனைவியும் அக்காள் தங்கை. ஆகவே சகலைபாடியின் வீட்டு விருந்தாளி. ஆனால் அந்தச் சுல்தான் போரில் பிடிபட்டவர்களையும் அவர்களுடைய பெண்களையும் குழந்தைகளையும் கொடூரமாகக் கொன்றதைக் கண்டு, உறவு என்று பார்க்காமல், அது பழிக்கத்தக்க செயல் என்றே பதிவு செய்தார். மதுரையில் கொள்ளைநோய் பரவியபோது அவருக்கும் காய்ச்சல் கண்டது. பிழைக்கமாட்டோம் என்று நினைத்தவர், புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக் குணமடைந்தார். நம் வீட்டு அடுக்களைப் புளிதான்!

பிறகு வங்காளம் வழியாக 1345 வாக்கில் சுமத்ராவின் வடகரையில் இருந்த சமுத்திரா துறைமுகத்துக்கு வந்தார். இன்றைய ஆச்சே பகுதி. மலாக்கா சுல்தானகம் தோன்ற இன்னும் அரை நூற்றாண்டு இருந்த காலம். கப்பல் வந்ததும் சிறு படகுகளில் தேங்காய், வாழைப்பழம், மாம்பழம், மீன் எல்லாம் கொண்டுவந்தார்கள். ஈயத் துண்டுகளையும் சீனத் தங்கத்தையும் கொடுத்துச் சரக்கு வாங்கினார்கள். அங்கே ஆண்ட சுல்தான் மலிக்குல் ளாஹிர் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர். மார்க்க அறிஞர்களோடு அமர்ந்து பேசுவதில் விருப்பமுள்ளவர். ஜும்ஆவுக்கு நடந்தே போவார். இரண்டு வாரம் விருந்தாளியாக வைத்திருந்து, சீனாவுக்குக் கப்பலும் கட்டுச்சோறும் கொடுத்து அனுப்பினார்.

சீனாவுக்குள் அவர் எவ்வளவு தூரம் போனார் என்பதில் ஆய்வாளர்களிடையே ஐயம் உண்டு. ஆனால் அங்கே நடந்ததாக அவர் சொல்லும் ஒரு சந்திப்பை மறக்க முடியாது. அங்கே செல்வராக வாழ்ந்த ஒரு முஸ்லிமை ஏற இறங்கப் பார்த்தார். அவரும் இவரையே பார்த்தார். விசாரித்தால், தாஞ்சியருக்குப் பக்கத்து ஊரான சப்தாவைச் சேர்ந்தவர். இருவரும் அழுதுவிட்டார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு சஹாரா பாலைவன ஓரத்தில் சிஜில்மாசா என்ற ஊரில் ஒருவர் வீட்டில் தங்கினார். அவர் அந்தச் சீனத்துச் செல்வரின் உடன்பிறந்தவர். அண்ணன் தம்பிக்கு நடுவே பாதி உலகம்!

செலவுக் கணக்கு

இனி செலவுப் பக்கம். 1348இல் திமஷ்குக்குத் திரும்பினார். இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே கருவுற்ற மனைவியை விட்டுப் போயிருந்தார். ஆண்பிள்ளை பிறந்த செய்தி இந்தியாவில் கிடைத்து, 40 பொன் தீனார் அனுப்பியும் இருந்தார். இப்போது விசாரித்தால், பிள்ளை இறந்து 12 ஆண்டுகள். அதே ஊரில் தாஞ்சியர்க்காரர் ஒருவர் மூலம் இன்னொரு செய்தியும் வந்தது. தந்தை வஃபாத்தாகி 15 ஆண்டுகள் ஆகிவிட்டன; தாய் மட்டும் இருக்கிறார்.

அது பெருங்கொள்ளைநோய் உலகை வாரிக்கொண்டிருந்த ஆண்டு. இன்னொரு ஹஜ்ஜை முடித்துக்கொண்டு ஊர் நோக்கித் திரும்பினார். 1349இல் மொராக்கோ எல்லைக்குள் வந்து, வீட்டுக்குச் சில நாள் பயணமே மிச்சமிருந்தபோது, தாயும் அந்த நோயில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டார். தாஞ்சியருக்குப் போனது தாயின் கபுரை ஜியாரத் செய்யத்தான்.

போன இடமெல்லாம் மணந்து, பிரிந்து, பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்தவர் அவர். மாலத்தீவில் பிறந்த மகனை ஒருமுறை போய்ப் பார்த்து, தாயிடமே விட்டுவிட்டுத் திரும்பினார். அக்கால வழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெண்களும் பிள்ளைகளும் தங்கள் கணக்கை எழுதிவைக்கவில்லை.

பிறகு ஸ்பெயினுக்கும், சஹாராவைக் கடந்து மாலி நாட்டுக்கும் போய்வந்தார். மொராக்கோ சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி, இப்னு ஜுஸை என்ற எழுத்தாளர் அவர் சொல்லச் சொல்ல எழுதினார். 1355இல் நூல் முடிந்தது. அதைத்தான் உலகம் ரிஹ்லா என்கிறது. அவர் கடந்த தூரம் ஏறத்தாழ 120,000 கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அரண்மனையில் பலர் அவர் சொன்னதை நம்பவில்லை. கடைசிக் காலத்தில் மொராக்கோவின் ஓர் ஊரில் காழியாக இருந்து, 1368 அல்லது 1369இல் மறைந்தார். 21 வயதில் விட்டுப்போன அதே உத்தியோகம்!

நமக்கு

நம்மில் பலருடைய பாட்டன்மாரும் இப்படித்தான் ஊரில் இருந்த வேலையை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தார்கள். கடை மாடியில் பாய் விரிக்க இடம் கொடுத்தவர் ஒருவர். முதல் சரக்கைக் கடனாகத் தந்தவர் ஒருவர். அங்கே ஊரில், கடிதத்தை எதிர்பார்த்துத் திண்ணையில் இருந்த தாய்மார்கள் இருந்தார்கள். பெற்றவர் மௌத்தான செய்தி தந்தியில் வந்து, ஜனாஸாவுக்குப் போகமுடியாமல் இங்கேயே யாசீன் ஓதியவர்களும் நம் சங்கத்தில் உண்டு.

இன்று நம் பிள்ளைகள் நிரந்தர வேலையை விட்டுவிட்டு வேறு நாடுகளுக்குப் போக நினைக்கிறார்கள். தடுப்பதில் பயனில்லை என்று நினைக்கிறேன். எங்கு போனாலும் செல்லுபடியாகும் ஒரு தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொல்வோம். பெற்றவர்களை நேரில் வந்து பார்க்கும் நாளை, பயணச்சீட்டு எடுக்கும்போதே குறித்துவைக்கச் சொல்வோம். இங்கே புதிதாக வருபவர் ஜும்ஆவில் தனியாக நிற்கக் கண்டால், துனிஸ் ஹாஜியைப் போல நாமே முதலில் போய் சலாம் சொல்வோம். அடுத்த ஐம்பது ஆண்டும் நம் சங்கத்தின் கதவு அப்படித் திறந்திருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.